அத்தியாயம் 9: பாஸ்போர்ட் வேண்டாத வெளிநாட்டுப் பட்டம்

பிளஸ் டூ முடிவு வரும் நாட்களில் ஜவ்வாதுமலையில், ஜமுனாமரத்தூர் பேருந்து நிறுத்தத்துச் சுவரில் நோட்டீஸ்கள் முளைக்கும். நர்சிங், கேட்டரிங், லேப் டெக்னீஷியன், ‘நூறு சதவீத வேலை உத்தரவாதம்’. அப்படி ஒரு கோடையில் அவற்றுக்கு நடுவே புதுசாக ஒன்று ஒட்டியிருந்தார்கள். கறுப்பு அங்கி போட்ட பிள்ளைகள் தொப்பியை மேலே எறிகிறார்கள், பின்னால் லண்டன் மணிக்கூண்டு, கீழே ‘வெளிநாட்டுப் பட்டம் இந்தியாவிலேயே’. பரீட்சை முடித்திருந்த ஒரு பையன் அதைப் பிய்த்து நாலாக மடித்து எடுத்துக்கொண்டு வந்தான். அவன் கேட்டது ஒரே கேள்வி: “சார், இதுக்கு பாஸ்போர்ட் வேணுமா, வேணாமா?”

சிரிக்க வேண்டாம். பட்டம் கொடுப்பவர் வெளிநாட்டார். பாடம் நடக்கும் கட்டடம் இங்கே. இது வெளிநாட்டுப் படிப்பா, உள்நாட்டுப் படிப்பா? கல்லூரிக்காரர் ஒன்று சொல்வார், உதவித்தொகை அலுவலகம் வேறொன்று சொல்லும், இடஒதுக்கீட்டு விதி மூன்றாவதாக ஒன்று சொல்லும். மூன்று பதிலும் மோதும் இடத்தில் நசுங்குவது மலைப் பிள்ளைதான். புதூர்நாடு, பீஞ்சமந்தை, ஜமுனாமரத்தூர் பக்கத்துப் பழங்குடி மாணவர்களையும் அவர்களுக்கு வழி சொல்லும் ஆசிரியர்களையும் மனதில் வைத்து இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன். கீழ்நாட்டு மாணவர்களுக்கும் பாதி பொருந்தும்.

இது பழைய சரக்கு

லண்டன் பல்கலைக்கழகம் 1858-இலிருந்தே, லண்டனை மிதிக்காதவர்களுக்கும் தேர்வு வைத்துப் பட்டம் கொடுத்துவருகிறது. கொழும்பில் 1921-இல் தொடங்கிய யூனிவர்சிட்டி காலேஜ், 1942-இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவாகும்வரை தன் மாணவர்களை லண்டன் தேர்வுக்குத்தான் தயார் செய்தது. யாழ்ப்பாணத்துப் பழைய தலைமுறை ஆசிரியர்களின் பெயருக்குப் பின்னால் ‘பி.ஏ. லண்டன்’ என்று பார்க்கிறவர்கள், எல்லோரும் கப்பலேறிப் போய்ப் படித்தார்கள் என்று நினைத்துக்கொள்வதுண்டு. பலர் கப்பலைத் தூரத்தில் பார்த்ததோடு சரி.

பிறகு பல்கலைக்கழகமே கப்பலேறி வர ஆரம்பித்தது. ஆஸ்திரேலியாவின் வுலங்காங் 1993-இல் துபாய்க்கு வந்தது. மொனாஷ் 1998-இல் மலேசியாவிலும், நாட்டிங்ஹாம் 2000-இல் மலேசியாவிலும் 2004-இல் சீனாவின் நிங்போவிலும் கடை விரித்தன. இந்தியா நெடுநாள் கதவைச் சாத்தியே வைத்திருந்தது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை தாழ்ப்பாளை நீக்கியது. 2023 நவம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) அதற்கான விதிமுறையை வெளியிட்டது. குஜராத்தின் கிஃப்ட் சிட்டியில் டீக்கின் பல்கலைக்கழகமும் வுலங்காங்கும் 2024-இல் வகுப்பைத் தொடங்கின. அந்த யு.ஜி.சி. விதிமுறையின் கீழ் வந்த முதல் வளாகம், 2025-இல் குருகிராமில் திறந்த சவுத்தாம்டன் பல்கலைக்கழகம். மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகம் மும்பையோடு சென்னையிலும் வளாகம் அமைக்க முதற்கட்ட ஒப்புதல் வாங்கியிருக்கிறது. ஆகவே அந்த நோட்டீஸ் வெறும் கதை இல்லை. இனி வருஷா வருஷம் இன்னும் பளபளப்பாக வரும்.

படித்தவர்கள் என்ன நினைக்கிறார்கள்

மலேசியாவில் இருந்துகொண்டு ஆஸ்திரேலியப் பட்டம் படித்த மாணவர்களை டேவிட் பைவிஸ், ஆன் சாப்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் விசாரித்து 2007-இல் எழுதினார்கள். மாணவர்களிடம் இரண்டு விதமான ஆசை தெரிந்தது. சிலருக்குப் பட்டம் ஒரு நுழைவுச் சீட்டு: முத்திரையைக் காட்டினால் பன்னாட்டு நிறுவனத்தில் கதவு திறக்கும். சிலருக்கு அது தன்னையே மாற்றிக்கொள்ளும் வழி: பேச்சு மாறும், பார்வை மாறும், கூச்சம் போகும். துபாய்ப் பக்கத்து வளாகங்களில் ஸ்டீபன் வில்கின்ஸும் உடன் ஆய்வாளர்களும் கேட்டபோது, குடும்பத்தை விட்டுப் போகாமல் படிக்கலாம், அங்கே போவதைவிடச் செலவு குறைவு என்ற வசதிக் கணக்கு முன்னால் நின்றது. படித்தவர்களில் பெரும்பாலோர் திருப்தியாகவே இருந்தார்கள். நல்ல வளாகங்கள் உண்மையில் நல்லவைதான். அதை மறைத்துப் பயமுறுத்துவது என் வேலையில்லை.

ஹாங்காங்கில் கதை வேறு மாதிரி. ஜொஹானா வாட்டர்ஸும் மேகி லியூங்கும் அங்கே பிரிட்டிஷ் பட்டத்தை உள்ளூரிலேயே முடித்த இளைஞர்களைச் சந்தித்தார்கள். பலர் உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காமல் இதற்கு வந்தவர்கள். பட்டம் கொடுத்த பல்கலைக்கழகத்தோடு அவர்களுக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. வேலை கொடுப்பவருக்கு அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரே தெரியாத சங்கடமும் இருந்தது. வெளிநாட்டில் போய்ப் படித்து வந்தவனுக்குக் கிடைக்கும் மரியாதை, அதே தாளை உள்ளூரில் வாங்கியவனுக்குக் கிடைக்கவில்லை. ஏழைப் பிள்ளையின் பின்தங்கலை இந்தப் படிப்பு போக்குவதற்குப் பதிலாக நீட்டித்துவிடக்கூடும் என்று அவர்கள் எழுதியதை, நம் ஊர் ஆலோசகர்கள் யாரும் எடுத்துச் சொல்லி நான் கேட்டதில்லை.

மலையில் நான் கேட்பவை இன்னும் எளிமையானவை. “அங்கேர்ந்து வெள்ளைக்காரங்க வந்து நடத்துவாங்களா?” “முடிச்சதும் அவங்களே கூட்டிக்கிட்டுப் போய்டுவாங்களாமே?” பெண்ணைப் பெற்றவர்களின் கவலை நேர்மாறானது: “லண்டன் படிப்பு இங்கயே கிடைச்சா எதுக்கு சார் புள்ளைய அவ்ளோ தூரம் அனுப்பணும்?” மூன்றுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். இங்குள்ள வளாகங்களில் நடத்துபவர்களில் இந்தியர்களும் இருப்பார்கள், அதில் குறை ஒன்றுமில்லை. இங்கே சேர்ந்ததால் மட்டும் அந்த நாட்டு வேலை விசா கிடைக்காது. பிரிட்டனில் படிப்பு முடித்தவர்களுக்குத் தரும் வேலை விசா, பிரிட்டனில் படித்தவர்களுக்குத்தான். ‘இங்கயே’ என்று அந்தத் தாய் நினைக்கும் குருகிராம், ஜோலார்பேட்டையில் ரயிலேறினால் இரண்டாம் நாள் போய்ச் சேரும் ஊர்.

புதூர்நாட்டிலிருந்து போய் வேலூரில் விடுதியில் தங்கிப் படித்த ஒரு பெண் சொன்னது அடிக்கடி நினைவுக்கு வரும். “மலையை விட்டு எறங்கினதே எனக்கு ஃபாரின்தான் சார்.” முதல் ஆறு மாதம் அவள் பேச்சைக் கேட்டு மற்றவர்கள் சிரித்தார்கள். ‘மலையாளி’ என்று பழங்குடிப் பெயர் எழுதிய சாதிச் சான்றிதழைக் காட்டியபோது “மலையாளின்னா கேரளாவா?” என்றார்கள். ஆங்கிலப் பாடப்புத்தகத்தை அகராதியோடு படித்தாள். மூன்றாம் வருடம் அவள்தான் துறை விழாவில் நன்றியுரை சொன்னாள். மலேசிய மாணவர்கள் பெருந்தொகை கட்டி வாங்க நினைத்த அந்த ‘தன்னை மாற்றிக்கொள்ளும்’ அனுபவம் அவளுக்கு வேலூரிலேயே கிடைத்துவிட்டது.

வெளிநாடா, உள்நாடா

இனி காசுக் கணக்குக்கு வருவோம். இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

குருகிராம் சவுத்தாம்டனில் தொடக்க ஆண்டு இளநிலைக் கட்டணம் வருடத்துக்குச் சுமார் 13 லட்சம் ரூபாய். விடுதி, சாப்பாடு தனி. இங்கிலாந்தில் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் மலிவு. சாமையும் புளியும் தேனும் விற்றுப் பிழைக்கும் வீட்டோடு ஒப்பிட்டால் அது எண்ணிப் பார்க்கும் தொகையே அல்ல. சரி, இடஒதுக்கீடு இருக்குமே என்பீர்கள். இல்லை. வெளிநாட்டு வளாகங்கள் சேர்க்கை முறையைத் தாங்களே வகுத்துக்கொள்ளலாம், இடஒதுக்கீடு கட்டாயமில்லை. இந்த இடத்தில் அது ‘வெளிநாட்டு’ நிறுவனம். மத்திய நிறுவனங்களில் பழங்குடியினருக்குள்ள 7.5 சதவீதமும் மாநிலத்தில் உள்ள 1 சதவீதமும் அந்த வாசலில் செல்லாது. தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவருக்கென்று தமிழ்நாடு கொடுத்த 7.5 சதவீத உள்ஒதுக்கீடும் அப்படியே.

வெளிநாட்டு நிறுவனம்தான் என்றால், பழங்குடி மாணவர் வெளிநாட்டில் படிக்க அரசு தரும் பணமாவது கிடைக்குமா? அதுவும் கிடையாது. மத்தியப் பழங்குடியினர் நல அமைச்சகத்தின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை, பெயரில் உள்ளபடி அயல்நாட்டில் போய்ப் படிப்பவருக்கு. கிஃப்ட் சிட்டி அயல்நாடல்ல. ஆக, இடஒதுக்கீடு கேட்டால் அது வெளிநாடு. உதவித்தொகை கேட்டால் உள்நாடு. வளாகமே கொடுக்கும் கட்டணச் சலுகை ஒன்றுதான் மிச்சம். அது எத்தனை சதவீதம், எத்தனை வருடத்துக்கு, எத்தனை மதிப்பெண் குறைந்தால் நின்றுபோகும் என்று எழுத்தில் வாங்காமல் நம்பக் கூடாது.

அடுத்து வங்கி. கல்விக் கடன் 7.5 லட்சத்தைத் தாண்டினால் வங்கிகள் பொதுவாகச் சொத்துப் பிணை கேட்கும். மலையில் பல குடும்பங்களிடம் இருப்பது 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் கீழ் கிடைத்த பட்டா. அது பிள்ளைக்கு, பேரனுக்குப் போகும். விற்க முடியாது, மாற்றிக் கொடுக்க முடியாது. வங்கியில் வைக்கவும் அது உதவாது. நிலத்தைக் காப்பாற்றத்தான் சட்டம் அப்படி எழுதப்பட்டது, அது நல்லதுதான். ஆனால் “பட்டா இருக்கே, லோன் வாங்கிடலாம்” என்று சொல்கிற ஏஜெண்டுக்கு இது தெரியாது, அல்லது தெரிந்தே சொல்கிறார்.

அரசு வேலையை நினைப்பவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணியில் 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. பட்டப்படிப்பைத் தகுதியாகக் கேட்கும் பணிக்கு, பள்ளி முதல் பட்டம் வரை தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். ஆங்கில வழியில் எந்தப் பட்டம் படித்தாலும் அது போய்விடும், வெளிநாட்டுப் பட்டம் என்றால் கேட்கவே வேண்டாம். உண்டு உறைவிடப் பள்ளியில் பன்னிரண்டு வருடம் சேர்த்துவைத்த சலுகையை ஒரு கையெழுத்தில் விடுகிறோம் என்று தெரிந்தே விட்டால் தவறில்லை. தெரியாமல் விடுவதுதான் வேதனை.

முத்திரை யாருடையது

இத்தனைக்குப் பிறகும் ஒருவருக்கு முழுச் சலுகையோடு இடம் கிடைக்கலாம், அல்லது மலேசியாவுக்கோ துபாய்க்கோ போகும் வாய்ப்பு வரலாம். அப்போது முதலில் பார்க்க வேண்டியது, அது எந்த வகை என்பதை.

ஒன்று, பல்கலைக்கழகமே நடத்தும் சொந்த வளாகம். 2023 விதிமுறைப்படி அனுமதி பெற்ற வளாகம் தரும் பட்டம், தாய் வளாகப் பட்டத்துக்குச் சமம்; தனியாகச் சமநிலைச் சான்று வாங்கத் தேவையில்லை. இரண்டாவது, இந்தியப் பல்கலைக்கழகமும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்துவது. இதற்கு 2022-இல் வந்த விதிமுறை இருக்கிறது. ட்வின்னிங் என்றால் கொஞ்ச காலம் அங்கே போய்ப் படித்துவிட்டு இந்தியப் பட்டம் வாங்குவது. ஜாயின்ட் டிகிரி என்றால் இருவரும் சேர்ந்து ஒரு பட்டம், டூயல் டிகிரி என்றால் இருவரும் தனித்தனியே பட்டம்.

மூன்றாவதுதான் வில்லங்கம். மாடியில் இரண்டு அறை, வாசலில் வெளிநாட்டுப் பெயர், உள்ளே பாடத்தை மட்டும் குத்தகைக்கு எடுத்த உள்ளூர் நிறுவனம். இப்படி அனுமதியில்லாத கூட்டு வைத்துத் தரும் பட்டம் செல்லாது என்று யு.ஜி.சி. 2023 டிசம்பரில் பொது அறிவிப்பே கொடுத்தது. இணையவழிக் கல்வி நிறுவனங்களின் விளம்பரங்களையும் அதில் எச்சரித்தது. சமநிலை வழங்க 2025-இல் வந்த புதிய விதிமுறையும் குத்தகைப் பட்டத்தை ஏற்கவில்லை. எனவே நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டிய முதல் கேள்வி: “உங்களுக்கு யு.ஜி.சி. கொடுத்த அனுமதி உத்தரவின் நகல் எங்கே?” பதில் “அதெல்லாம் பிராசஸ்ல இருக்கு” என்றால் எழுந்து வந்துவிடுங்கள். மருத்துவம், நர்சிங், பார்மசி, சட்டம், கட்டடக்கலை போன்றவற்றில் யு.ஜி.சி. சொல்வது மட்டும் போதாது. அந்தந்தக் கவுன்சிலிடம் எழுதிக் கேட்டுப் பதில் வாங்க வேண்டும்.

வளாகம் பெரியது, பெயர் பெரியது என்பதும் காப்பு ஆகாது. சிட்னியின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகம் 2007 மார்ச்சில் சிங்கப்பூரில் வளாகம் திறந்தது. எதிர்பார்த்த மாணவர்கள் வரவில்லை. சேர்ந்தது நூற்றைம்பது பேருக்கும் குறைவு. ஜூனில் மூடிவிட்டது. ஒரு பருவம்தான். இந்திய விதிமுறையில், நடுவில் நிறுத்தினால் மாணவருக்கு மாற்று ஏற்பாடு செய்வது தாய் நிறுவனத்தின் பொறுப்பு என்று எழுதியிருக்கிறார்கள். அந்த மாற்று ஏற்பாடு எந்த ஊரில், யார் செலவில் என்று சேரும்போதே கேட்டுவைப்பது நல்லது.

ஏஜெண்ட் என்ற சொல்லை இந்த மலைக்கு யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டாம். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சுட்டுக் கொல்லப்பட்ட 20 தமிழர்களில் ஜவ்வாதுமலைக்காரர்களும் உண்டு. செம்மரக் காட்டுக்கு ஆள் பிடிப்பவர்களையும் ஊரில் ஏஜெண்ட் என்றுதான் சொல்வார்கள். படிப்பு ஏஜெண்ட் அந்த ரகம் இல்லை. ஆனாலும் அவருக்குக் கமிஷன் தருவது பெரும்பாலும் அந்தப் பல்கலைக்கழகம், நீங்கள் இல்லை. தைவானில் ஒரு தனியார் பல்கலைக்கழகம் தரகர் மூலம் இலங்கையிலிருந்து மாணவர்களைச் சேர்த்து, இறைச்சிக் கூடத்திலும் தொழிற்சாலையிலும் வேலைக்கு விட்ட விவகாரம் 2018-இல் வெளிச்சத்துக்கு வந்தது. இலவசப் படிப்பு என்று சொல்லித்தான் அழைத்துப் போயிருந்தார்கள். அதே தைவானுக்கு, தமிழ்நாட்டு அரசுப் பள்ளி மாணவர்கள் சிலர் முறையான உதவித்தொகையோடு போய் நன்றாகப் படிக்கவும் செய்கிறார்கள். நாடு ஒன்றுதான், போகும் வாசல் வேறு. யாராவது அசல் சான்றிதழைக் கேட்டால் கொடுக்காதீர்கள், நகல் போதும்.

காவலூர் வரிசை

ஆலங்காயத்திலிருந்து ஜமுனாமரத்தூர் வரும் வழியில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. பள்ளிச் சுற்றுலாவில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 1986 ஜனவரியில் ராஜீவ் காந்தி வந்து தொடங்கிவைத்த 2.3 மீட்டர் தொலைநோக்கி, இந்தியாவிலேயே செய்தது. அதற்கும் அந்த வானாய்வகத்துக்கும் வைணு பாப்புவின் பெயர். இந்த மலையின் இருட்டும் தெளிந்த வானமும் விண்ணைப் பார்க்கத் தோதானவை என்று கண்டு, 1968-இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு அங்கே வேலையைத் தொடங்கியவர் அவர்.

சென்னையில் பிறந்த பாப்பு, முதுநிலைப் பட்டம் வாங்கியது சென்னைப் பல்கலைக்கழகத்தில். அதன்பிறகுதான் ஹைதராபாத் அரசின் உதவித்தொகையில் ஹார்வர்டு போனார். 1949-இல் அங்கே ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார்; 1952-இல் முனைவர் பட்டம். அவர் அப்பாவே ஹைதராபாத் வானாய்வகத்தில் வேலை பார்த்தவர், நம் பிள்ளைகளின் நிலைமை வேறு என்பது எனக்குத் தெரியும். நான் கவனிக்கச் சொல்வது வரிசையை மட்டும்: முதல் பட்டங்கள் இங்கே, குறைந்த செலவில், வெளிநாடு பிறகு, அரசுப் பணத்தில்.

இன்றைக்கும் பணம் அந்த வரிசையில்தான் இருக்கிறது. மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை பழங்குடியினருக்கு ஆண்டுக்கு 20 பேருக்கு. குடும்ப வருமானம் 6 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். முதுநிலை, முனைவர் பட்டம், அதற்கு மேற்பட்ட ஆய்வுக்குத்தான் கொடுக்கிறார்கள், இளநிலைக்கு இல்லை. தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டமும் முதுநிலைக்கும் ஆய்வுக்கும்தான். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை. இந்தியா முழுமைக்கும் 20 இடம் என்பது கஞ்சத்தனம்; அதைக் கூட்டச் சொல்லிக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. ஆனால் இந்த மலையிலிருந்து விண்ணப்பமே போகாவிட்டால் கேட்பதற்கு வாய் இருக்காது.

ஆகவே என் ஆலோசனை இது. பிளஸ் டூ முடித்ததும் வெளிநாட்டு முத்திரைக்கு ஓட வேண்டாம். திருவண்ணாமலையிலோ வேலூரிலோ சென்னையிலோ அரசுக் கல்லூரியில், முடிந்தால் நுழைவுத் தேர்வு எழுதி மத்திய நிறுவனத்தில் சேருங்கள். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். அதை ஆங்கிலத்துக்கென்று ஒதுக்கிவையுங்கள். ஐஇஎல்டிஎஸ் தேர்வுக் கட்டணம் 17,000 ரூபாய்க்குக் குறையாது. அந்தப் பையனுக்கும் இதையே சொன்னேன்: பாஸ்போர்ட் வேண்டும், இப்போது இல்லை, இளநிலை இரண்டாம் வருடத்தில். கட்டணம் 1,500 ரூபாய். அவன் முகம் கொஞ்சம் வாடியது. நோட்டீஸை மட்டும் திருப்பித் தரவில்லை.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு தாள் வேண்டும்: கோட்டாட்சியர் கையெழுத்திட்ட பழங்குடிச் சான்றிதழ். உதவித்தொகை, இடஒதுக்கீடு எல்லாம் அதில்தான் நிற்கின்றன. விசாரணைக்கு ஆள் வந்து, கோப்பு நகர்ந்து, கைக்கு வர மாதக்கணக்கில் ஆகலாம். வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் இந்த வாரமே இ-சேவை மையத்துக்குப் போய் விண்ணப்பியுங்கள். ரசீது வாங்காமல் வீடு திரும்பாதீர்கள்.